சோஃபாவில் சாய்ந்தால் கால் தரையில் படவில்லையா? இருக்கையின் ஆழத்தைப் பாருங்கள்

கேள்வி: 3+1+1 சோஃபா (மூன்று பேர் உட்காரும் ஒன்று, ஒருவர் உட்காரும் சிங்கிள் இரண்டு) செய்யக் கொடுக்கப்போகிறோம். என் உயரம் 5 அடி 2 இன்ச், கணவர் 5 அடி 11. மாமியார் 4 அடி 10. அவருக்கு முழங்கால் வலி உண்டு. கடைகளில் பார்த்த எந்த சோஃபாவிலும் அவரால் சாய்ந்து உட்காரவே முடியவில்லை. சாய்ந்தால் கால் அந்தரத்தில் தொங்குகிறது. ஆசாரியிடம் என்ன அளவு சொல்வது?

பதில்: உங்கள் மாமியாருக்கு ஒத்துவராதது சோஃபாவின் உயரம் மட்டுமல்ல, பெரும்பாலும் அதன் ஆழம். கடையில் "டெப்த் 36 இன்ச்" என்று சொல்வது சோஃபாவின் முன்விளிம்பிலிருந்து பின்பக்கம் சுவரைத் தொடும் இடம் வரை உள்ள மொத்த அளவு. உட்காருபவருக்கு அதனால் பயனில்லை. முதுகு குஷனின் முகப்பிலிருந்து இருக்கையின் முன்விளிம்பு வரை உள்ள தூரம்தான் இருக்கை ஆழம். இப்போது ஷோரூம்களில் இருப்பவற்றில் இது பெரும்பாலும் 21 முதல் 24 இன்ச். கால் நீட்டிச் சரிந்து டிவி பார்க்க அது சுகம். நிமிர்ந்து உட்கார்ந்து பேசவும், கையில் தட்டோடு சாப்பிடவும், எழுந்து நடக்கவும் பலருக்கு அது அதிகம்.

வீட்டில் ஒவ்வொருவரையும் அளந்துவிடுங்கள். முதுகுப் பலகை இல்லாத கெட்டியான ஸ்டூலைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, இடுப்பின் பின்பகுதி சுவரில் படும்படி நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். பதியாவிட்டால் காலுக்கடியில் பலகை வையுங்கள். சுவரிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை டேப் பிடித்து அளந்து, அதில் 1½ முதல் 2 இன்ச் கழித்தால் கிடைப்பதுதான் அவருக்கான ஆழம். கழிக்கும் அந்த அளவு, இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி.

அந்த இடைவெளி இல்லாவிட்டால் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் அழுத்தும். அங்கே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் தோலுக்கு அருகிலேயே ஓடுவதால் சிறிது நேரத்தில் கால் மரத்துப்போகும். அதைத் தவிர்க்க உடம்பு தானாகவே முன்னால் நகரும். நகர்ந்ததும் இடுப்புக்குப் பின்னால் வெற்றிடம் உண்டாகி, முதுகு வில்லாக வளையும். "சோஃபாவில் உட்கார்ந்தால் முதுகு வலிக்கிறது" என்பவர்கள் பலர் குஷன் மெத்தென்று இல்லை என்று நினைக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் இந்த ஆழம்தான். ஆழம் குறைந்தாலும் தொல்லை உண்டு: தொடைக்குத் தாங்கல் கிடைக்காமல் முழு எடையும் உட்காரும் எலும்புகளின் மேல் விழும், பெஞ்சு நுனியில் குந்தியது போலிருக்கும்.

நீங்கள் சொன்ன உயரங்களுக்கு, டேப்பில் ஏறக்குறைய இப்படி வரும்: மாமியாருக்கு 16½, உங்களுக்கு 17½, கணவருக்கு 19½ இன்ச். ஒரே உயரமுள்ளவர்களுக்கும் தொடை நீளம் மாறும் என்பதால், அளந்து பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் கணவருக்கு 18 இன்ச்சும், மாமியாருக்கு 15 இன்ச்சும் வேண்டும். சோஃபாவில் யாரும் விறைப்பாக உட்காருவதில்லை, கொஞ்சம் சாய்வோம். அதனால் மூன்று பேர் உட்காரும் சோஃபாவுக்கு 19 வைக்கலாம். உங்களுக்கு அது சற்று அதிகம். இடுப்புக்கு ஒரு சிறு குஷன் போதும். சம்மணமிட்டு உட்காருவது உங்கள் வீட்டுப் பழக்கமென்றால் 21, 22 கேட்கத் தோன்றும். அதற்காக முழு சோஃபாவையும் ஆழமாக்க வேண்டாம். தனியாக ஒரு திவான் போட்டுக்கொள்வது மேல்.

"ஆழமாகவே வாங்குங்கள், குட்டையானவர்கள் பின்னால் தலையணை வைத்துக்கொள்ளட்டும்" என்ற யோசனையைப் பல கடைகளில் கேட்பீர்கள். இளையவர்களுக்குச் சரி. வயதானவர் ஒவ்வொரு முறையும் தலையணையைத் தேடி, திரும்பி, இடம் பார்த்து வைத்து உட்காரமாட்டார். விளிம்பில் தொற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவருக்கான இடம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும்.

அதனால் ஒரு சிங்கிளை அவருக்கென்றே செய்யச் சொல்லுங்கள். மரச் சட்டத்தை மாற்ற வேண்டியதில்லை, செட் ஒன்றுபோலவே இருக்கும். எல்லாவற்றுக்கும் சட்டத்தின் முதுகுப் பலகையிலிருந்து முன்விளிம்பு வரை 23 இன்ச் வையுங்கள். முதுகு குஷன் 5 இன்ச். சாய்ந்தால் அது சுமார் 4 ஆக அமுங்கும். 23இல் 4 போனால் 19. மாமியாரின் சிங்கிளில் முதுகுப் பலகையோடு 4 இன்ச் கெட்டியான ஃபோமைச் சேர்த்துத் துணி போர்த்தச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் அதே 5 இன்ச் குஷன். ஆழம் 15 ஆகிவிடும். இருக்கை குஷனையும் பின்பக்கம் 4 இன்ச் குறைத்து வெட்ட வேண்டும். இதை மறந்தால் குஷன் முன்னால் பிதுங்கி, குறைத்த ஆழம் திரும்ப வந்துவிடும்.

ஆசாரியிடம் "ஆழம் 19" என்று மட்டும் சொன்னால் அவர் சட்டத்தை 19க்கு அறுத்துவிடக்கூடும். குஷன் போட்டதும் 15தான் மிஞ்சும். "குஷன் போட்டு, ஆள் சாய்ந்த பிறகு 19" என்று சொல்லி, காகிதத்தில் பக்கவாட்டுப் படமாகவே வரைந்து கொடுங்கள்.

முழங்கால் வலிக்கு ஆழம் மட்டும் போதாது. எழும்போது பாதத்தை முழங்காலுக்குப் பின்னால் இழுத்து வைத்துத்தான் எழுகிறோம். அடிப்பக்கம் தரை வரை பலகை மூடிய சோஃபாவில் குதிகால் அதில் இடித்து நின்றுவிடும். கால் வைத்த சோஃபா செய்து, முன்விளிம்புக்குக் கீழே 4 இன்ச்சாவது திறந்திருக்கட்டும். கைப்பிடி முன்விளிம்பு வரை நீண்டு, மேல்பக்கம் கெட்டியாக இருக்க வேண்டும். அதை ஊன்றித்தான் அவர் எழுவார். உட்கார்ந்து அமுங்கிய பிறகு இருக்கையின் உயரம், தரையிலிருந்து அவருடைய முழங்கால் மடிப்பு வரை உள்ள அளவுக்குச் சமமாகவோ, அதைவிட ஒரு இன்ச் கூடுதலாகவோ இருக்கட்டும். அதைவிடத் தாழ்ந்தால் முழங்கால் அதிகம் மடிந்து எழுவது கடினம். இருக்கை பின்னோக்கிச் சரிவதும் ஒரு இன்ச்சுக்கு மேல் வேண்டாம்.

ஃபோமில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இருக்கைக்கு 40 டென்சிட்டி கேளுங்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டர் ஃபோமின் கிலோ எடை. அது கெட்டித்தன்மையைக் காட்டும் எண் அல்ல, எத்தனை நாள் தாங்கும் என்பதற்கான அடையாளம். கெட்டியா மெதுவா என்பதைத் தனியாகக் கையால் அழுத்திப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். முதுகுக்கு வெறும் பஞ்சு அடைத்த குஷன் போட்டால் நாளடைவில் அது சப்பிப்போய், ஆழம் ஒன்றிரண்டு இன்ச் கூடிவிடும். ஃபோம் துண்டைச் சுற்றிப் பஞ்சு போர்த்திய குஷன் அவ்வளவு சீக்கிரம் சப்பாது.

துணி போர்த்துவதற்கு முன், ஃபோம் வைத்த நிலையில் மாமியாரை ஒருமுறை பட்டறைக்கு அழைத்துப்போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். நன்றாகச் சாய்ந்து, பாதம் பதிந்து, முழங்காலுக்குப் பின்னால் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால் அப்போதே இன்னும் ஒரு இன்ச் ஃபோம் சேர்த்துவிடலாம். துணி அடித்த பிறகு அதையே பிரித்துச் செய்ய இரட்டைக் கூலி ஆகும்.