ஆஸ்டின் பார்பிக்யூ கடையில் எப்போது போவது, எவ்வளவு வாங்குவது?

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். வரும் சனிக்கிழமை ஆறு பேராக அங்குள்ள பெயர்பெற்ற பார்பிக்யூ கடை ஒன்றுக்குப் போக எண்ணியிருக்கிறோம். என் தம்பி மாட்டிறைச்சி உண்பதில்லை. என் மனைவி முட்டையும் சேர்க்காத சைவம். கூட்டம் அதிகம், மதியத்துக்குள் எல்லாம் தீர்ந்துவிடும் என்கிறார்கள். எவ்வளவு கேட்டு வாங்க வேண்டும்? படங்களில் இறைச்சியின் ஓரம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறதே, அது வேகாததா?

பதில்: டெக்சாஸ் பார்பிக்யூ கடைகளில் புதியவருக்கு விசித்திரமாகத் தோன்றும் பலவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: நீங்கள் சனிக்கிழமை உண்ணப்போகும் இறைச்சி வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏறிவிட்டது. அங்கு முதன்மையான பண்டம் பிரிஸ்கெட் எனப்படும் மாட்டின் நெஞ்சுப்பகுதி. ஐந்தாறு கிலோ எடையுள்ள அந்த முழுத்துண்டில் உப்பும் மிளகும் தடவி, போஸ்ட் ஓக் என்னும் ஓக் வகை விறகின் புகையில், சுமார் 120 முதல் 135 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் வைத்திருப்பார்கள். கூட்டம் வந்துவிட்டதென்று அவசரமாக இன்னொன்றைச் சமைத்துத் தர முடியாது. ஆகவே தீர்ந்தால் தீர்ந்ததுதான். ஆஸ்டினில் உள்ள ஃபிராங்க்ளின் பார்பிக்யூ போன்ற கடைகளில் காலை 11 மணிக்குக் கதவு திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே மடக்கு நாற்காலியோடு ஆட்கள் வரிசையில் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

சனிக்கிழமையை மாற்ற முடியுமானால் மாற்றுங்கள். வாரநாளில் காத்திருப்பு குறையும். பல கடைகள் திங்கட்கிழமை திறப்பதில்லை என்பதால் அதை மட்டும் தவிர்க்கவும். சனிக்கிழமைதான் வசதி என்றால், வயதானவர்களை வெயிலில் நிறுத்துவதைவிட, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தெற்கே உள்ள லாக்ஹார்ட் ஊருக்குப் போவதையே நான் பரிந்துரைப்பேன். 1900இல் தொடங்கிய கிராய்ட்ஸ் மார்க்கெட், 1932இல் தொடங்கிய பிளாக்ஸ் போன்ற பழைய கடைகள் அங்கே பெரிய கூடங்களோடு இயங்குகின்றன. மாலையிலும் உணவு கிடைக்கும். விருதுகளும் மிஷலின் உணவக வழிகாட்டி தரும் நட்சத்திரங்களும் ஆஸ்டின் பக்கம் குவிந்திருக்கலாம். ஆனால் குடும்பத்தோடு நிம்மதியாக உட்கார்ந்து உண்பதற்கு லாக்ஹார்ட்டே என் தேர்வு.

இக்கடைகளில் பெரும்பாலும் மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். வரிசையின் முடிவில் கத்தியோடு நிற்பவரிடம் எடை சொல்லிக் கேட்க வேண்டும். அவர் உங்கள் கண்ணெதிரே வெட்டி, நிறுத்து, தாள் விரித்த தட்டில் வைத்துத் தருவார். ஜெர்மனியிலிருந்தும் செக் நாட்டுப் பகுதிகளிலிருந்தும் குடியேறியவர்கள் நடத்திய இறைச்சிக் கடைகளிலிருந்து வளர்ந்த தொழில் இது என்பதால், எடைபோட்டு விற்கும் அந்தப் பழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அளவு பவுண்டில் இருக்கும். ஒரு பவுண்டு என்பது 454 கிராம். ஆளுக்கு அரை பவுண்டு என்பது அவ்வூர்க் கணக்கு. சோற்றோடு நாலு துண்டு உண்டு பழகிய நமக்கு அந்தக் கொழுப்புக்கு அதுவே கூடுதல் என்பதால், புலால் உண்ணும் ஐந்து பேருக்கும் சேர்த்து இரண்டரை பவுண்டைத் தாண்ட வேண்டாம். ஒரு பவுண்டு பிரிஸ்கெட், அரை பவுண்டு பன்றி விலா, அரை பவுண்டு வான்கோழி, இரண்டு சாசேஜ் (அரைத்த இறைச்சியைக் குழல்போல் அடைத்துச் செய்வது) என்று வாங்கினால் போதும். பெயர்பெற்ற கடைகளில் பிரிஸ்கெட் மட்டுமே பவுண்டுக்கு 30 டாலரைத் தாண்டுவதால், துணை உணவுகளும் வரியும் சேர்ந்து செலவு 100 டாலரைத் தொடும். மாட்டு விலா ஒன்றே எலும்போடு ஒரு பவுண்டுக்கு மேல் நிற்கும். பார்க்க ஆசையாக இருக்கிறதென்று கைகாட்டிவிடாதீர்கள்.

பிரிஸ்கெட் கேட்டதும் 'லீனா, மாய்ஸ்டா' என்ற கேள்வி வரும். கொழுப்புக் குறைந்த தட்டையான பாகம் முதலாவது; கொழுப்பு ஊடோடிய தடித்த பாகம் இரண்டாவது. பாதிக்குப் பாதி கேளுங்கள். எப்படியும் ஒன்றுதான் என்றால் இரண்டாவதைச் சொல்லுங்கள், ஏனெனில் முதலாவது வெட்டிச் சிறிது நேரத்திலேயே உலர்ந்துவிடும்.

இளஞ்சிவப்பு ஓரத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. விறகு எரியும்போது எழும் நைட்ரிக் ஆக்சைடு இறைச்சியின் மேற்புறத்தில் ஊடுருவி, மயோகுளோபின் என்னும் நிறமிப் புரதத்தோடு சேர்ந்துகொள்வதால், எவ்வளவு வெந்தாலும் அந்த நிறம் மாறாது. பிரிஸ்கெட்டின் நடுப்பகுதி ஏறத்தாழ 95 டிகிரியை எட்டிய பிறகே இறக்குகிறார்கள். தசையை இணைக்கும் கடினமான கொலாஜன் ஜெலட்டினாகக் கரைய அவ்வளவு நேரமும் வெப்பமும் தேவை. துண்டை விரலில் தொங்கவிட்டால் வளைய வேண்டும், அறுந்து விழக்கூடாது. மெல்ல இழுத்தால் பிரிந்துவர வேண்டும். சாஸ் ஊற்றுவதற்கு முன் ஒரு வாயாவது வெறுமனே உண்டு பாருங்கள். கிராய்ட்ஸ் கடையில் நெடுங்காலம் சாஸும் தரவில்லை, முட்கரண்டியும் தரவில்லை.

உங்கள் தம்பிக்கு வான்கோழியும் பன்றி விலாவும் பொருந்தும். சாசேஜில் மாட்டிறைச்சி கலந்திருப்பது வழக்கமாதலால் கேட்காமல் தர வேண்டாம். வெட்டும் பலகையும் கத்தியும் எல்லா இறைச்சிக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும் என்பதையும் அவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

உங்கள் மனைவியின் நிலைதான் சிரமம். பீன்ஸில் பெரும்பாலும் இறைச்சித் துணுக்குகள் கிடக்கும். உருளைக்கிழங்கு சாலடிலும் கோஸ் சாலடிலும் சேரும் மயோனைஸில் முட்டை உண்டு. வாழைப்பழப் புட்டிங்கும் பெரும்பாலும் முட்டை சேர்த்தே செய்யப்படுகிறது. மிஞ்சுவது ரொட்டியும் ஊறவைத்த வெள்ளரியும் வெங்காயமும்தான். அவர் வீட்டிலேயே உண்டுவிட்டு உடன் வருவதே நல்லது.

மீந்ததை எடுத்துச் செல்லத் தாள் கேட்டால் தருவார்கள். அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேலும், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் அதை வெளியே வைத்திருக்கக் கூடாது. லாக்ஹார்ட்டிலிருந்து திரும்புவதானால் ஐஸ் பெட்டி ஒன்று காரில் இருக்கட்டும்.