கேம் ஆராய்ச்சிக்கு ஃபின்லாந்து வரலாமுங்களா?

கோபிச்செட்டிபாளையத்துத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "பி.இ. முடிச்சாச்சுங்க அக்கா. ஃபின்லாந்துல டாம்பெரேங்கற ஊருல வீடியோ கேம் ஆராய்ச்சி படிக்க ஆசை. வெளையாடறதுக்கு வெளிநாடான்னு அய்யன் கேக்கறாரு. அங்க பொழப்பு எப்படிங்க?"

தம்பி, மொதல்ல காசு. ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து வர்றவங்க இங்கிலீஷ்ல மாஸ்டர்ஸ் படிச்சா 2017-ல இருந்து இங்க கட்டணம் உண்டு. ஸ்காலர்ஷிப் இல்லாம தோட்டத்தை அடமானம் வெச்சு வர்றதுல எனக்குச் சம்மதமில்லைங்க. முனைவர் படிப்புக்குக் கட்டணம் கெடையாது. ஆனா சீட்டு மட்டும் கொடுத்துட்டு, சோத்துக்கு நீயே நிதி தேடிக்கோங்கற வகையும் உண்டு. சம்பளம் போட்ட இடமான்னு பார்த்து விண்ணப்பிங்க. டென்மார்க், ஸ்வீடன்ல முனைவர் மாணவர்னா பெரும்பாலும் சம்பளக்காரர்தான். கோபன்ஹேகன் ஐ.டி. பல்கலைக்கழகத்துலயும் கேம் ஆராய்ச்சி நடக்குது, அங்கயும் பாருங்க.

கோடிங் தெரிஞ்சா நல்லது, ஆனா இங்க வேலை பூராவும் படிக்கறதும் எழுதறதும்தான். 2001-ல எஸ்பன் ஆர்செத்துங்கற ஆராய்ச்சியாளர் இந்தத் துறைக்குன்னே ஒரு ஆய்விதழ் தொடங்கினப்ப, கேமை இலக்கியத்துக்கோ சினிமாவுக்கோ வாலாக் கட்டி ஆராயக் கூடாதுன்னு வாதாடினார். 2003-ல டிக்ராங்கற சர்வதேசச் சங்கமும் வந்துருச்சு.

அய்யனுக்கு ஒண்ணு சொல்லுங்க. அமெரிக்காவுல ஸ்டைன்கூலர், டங்கன்னு ரெண்டு பேரு 2008-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டுங்கற ஆன்லைன் கேம் ஆடறவங்க தங்களுக்குள்ள எழுதிக்கிட்ட விவாதங்களை எடுத்துப் படிச்சிருக்காங்க. ஒருத்தர் ஒரு கருத்தைச் சொல்றாரு, இன்னொருத்தர் கணக்குப் போட்டு மறுக்கறாரு, மூணாமத்தவர் ஆதாரம் கேக்கறாரு. விஞ்ஞானத்துல பழகற அதே யோசனை முறை, வாத்தியார் இல்லாமலே. அதுக்காக கேம் ஆடினா மார்க் ஏறும்னு அளந்து விடாதீங்க. பாடத்துக்குன்னு செய்யற கேம் பலதும் கசப்பு மருந்துக்கு வெல்லம் தடவின கதைதான்.

தலைப்பை மட்டும் ஊருல இருந்தே கொண்டாங்க. 2020 செப்டம்பர்ல பப்ஜியைத் தடை பண்ணினாங்களே, அப்ப கோபிப் பசங்க எந்த கேமுக்குத் தாவினாங்க? ஆன்லைன் ரம்மியையும் கேமையும் நம்ம வீடுகள்ல ஏன் ஒரே தராசுல வெக்கறாங்க? ஆடு புலி ஆட்டத்துல 3 புலிக்கு ஒரு நியாயம், 15 ஆட்டுக்கு வேற நியாயம். அதைக் காபி நேரத்துல தாள்ல வரைஞ்சு காட்டினீங்கன்னா மேசையே கூடிரும். வார்கிராஃப்ட் பத்தி எழுத இங்க ஆளுக்குப் பஞ்சமே இல்லீங்க.

டாம்பெரே உங்களுக்கு ஒத்துவரும். கோயமுத்தூர் மாதிரியே பஞ்சாலையில வளர்ந்த ஊரு. பழைய ஆலைக் கட்டடம் ஒண்ணுலதான் 2017-ல இருந்து கேம் மியூசியம் இருக்குது. பேராசிரியரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடோணும். சார் போட்டா அவங்க நெளிவாங்க. பசங்களைப் பேட்டி எடுக்கறதுன்னா பெத்தவங்க சம்மதக் கையெழுத்து இல்லாம நகர விட மாட்டாங்க, அதுக்கே மாசம் ஓடிரும்.

டிசம்பர்ல பகல் 6 மணி நேரங்கூட வராது. ஆகஸ்ட்டுலயே வந்துருங்க, இருட்டுக்குக் கொஞ்சங்கொஞ்சமாப் பழகிக்கலாம். அரிசிம்பருப்புக்கு வேண்டிய பருப்பு இங்கயே கெடைக்குது; பெட்டியில அந்த எடைக்குக் கம்பளித் துணி வெச்சுக்கோங்க.