கடலைப் படிக்கக் கிளம்புகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தமிழகக் கடற்கரையில் பொதுமக்கள் கடலையும் மீன்பிடிப்பையும் பற்றிக் கற்க எங்கே போகலாம், எப்போது போகலாம் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நான் கடல் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே உயிரினங்களையும் மீன்பிடிப்பையும் பற்றி விரிவாகவும் மற்றவற்றைச் சுருக்கமாகவும் சொல்வேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை, கடலூர்): ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு நாள் கடல் பற்றிப் படிக்க அழைத்துச் செல்ல வேண்டும். எங்கே போகலாம் ஐயா?

அம்மா, உங்கள் மாவட்டத்திலேயே எல்லாம் இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதி அனுமதி பெறுங்கள். அருகில் பிச்சாவரம் இருப்பதால் சதுப்புநிலக் காட்டையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் அருங்காட்சியகத்தில் தொடங்காதீர்கள். முதலில் முடசலோடை அல்லது அன்னங்கோவில் போன்ற மீன் இறங்குதளத்துக்குப் போங்கள். அதுவும் விடியற்காலையில் போங்கள். பத்து மணிக்குப் போனால் கழுவிவிட்ட தரையையும் காகங்களையும்தான் பார்ப்பீர்கள்.

அங்கே பிள்ளைகளுக்கு என்ன காட்டுவது என்று பலர் தடுமாறுகிறார்கள். ஏலம் போகும் பெரிய மீன்களை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் விசைப்படகிலிருந்து கடைசியாக இறங்கும் குவியலைப் பாருங்கள். தென்கடலோரத்தில் அதைச் சங்காயம் என்பார்கள். மீன் மாவுக்கும் தீவனத்துக்கும் போகிற பொடி மீன். படகுக்காரரிடம் சொல்லிவிட்டு அதில் இரண்டு கைப்பிடி வாங்கி, ஒரு வெள்ளைத் தட்டில் பரப்பி, பிள்ளைகளை வகை பிரிக்கச் சொல்லுங்கள். நான் ஒருமுறை அப்படிப் பரப்பியபோது நகத்தளவு நண்டுகளும், கண்ணாடி போன்ற கணவாய்க் குஞ்சுகளும், விரல் நீளத்தில் நாக்கு மீனும், உடைந்த நட்சத்திர மீனும் கிடைத்தன. ஒரு மாணவி அரை மணி நேரத்தில் பத்தொன்பது வகை எண்ணிவிட்டு, 'இதெல்லாம் வளர்ந்திருந்தால் எவ்வளவு பெரிதாகியிருக்கும்?' என்று கேட்டாள். இழுவலையின் கண்ணி (வலைத் துளை) அளவு ஏன் முக்கியம் என்பதை அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய காலணி வேண்டும். கெளுத்தி முள் செத்த மீனிலும் குத்தும்.

கேள்வி (மென்பொருள் ஊழியர், சென்னை): ஆமை நடை எப்போது நடக்கும்? யார் வேண்டுமானாலும் வரலாமா?

பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடும் பருவம் ஏறத்தாழ சனவரி முதல் மார்ச், ஏப்ரல் வரை. சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு 1988 முதல் இரவில் கரையோரம் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காக்கும் வேலையைச் செய்துவருகிறது. ஆமை நடை என்பது இதுதான். பருவத்தில் வெள்ளி, சனி இரவுகளில் பொதுமக்களையும் நீலாங்கரைப் பக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை அழைத்துச் செல்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவர்களே அறிவிப்பார்கள். அதைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள். இரவு முழுவதும் மணலில் நடந்தும் ஓர் ஆமைகூடக் கண்ணில் படாமல் திரும்பலாம்; அதற்கு மனம் ஒப்புகிறவர்கள் மட்டும் போங்கள்.

கைப்பேசி விளக்கை அணைத்துவிடுங்கள். முட்டையிட வரும் தாய் வெளிச்சம் கண்டால் திரும்பிவிடும். குஞ்சுகளோ, அடிவானத்தில் வெளிச்சம் எங்கே அதிகமோ அதையே கடலென்று நம்பிச் சாலைப் பக்கம் ஊர்ந்துவிடும்.

கேள்வி (பயண ஆர்வலர், மதுரை): மன்னார் வளைகுடாத் தீவுகளில் ஒரு நாள் தங்கிப் பவளப்பாறை பார்க்க முடியுமா?

முடியாது. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றித் தீவில் கால் வைப்பது குற்றம். படகுக்காரர் யாராவது தனியாக அழைத்துப்போகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள், மாட்டிக்கொள்வது அவரும்தான். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. 1947இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனத்துக்கு 1971 வரை மண்டபம்தான் தலைமையிடம். அங்குள்ள காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ஆமை நடைக்குக் குழந்தைகளை அழைத்து வரலாமா? எந்த மாதம்?

மாதத்தை மேலே எழுதியிருக்கிறேன். விடிய விடிய நடக்கவும் பேசாமல் இருக்கவும் முடிந்த குழந்தை என்றால் அழைத்து வரலாம். விளக்கு கூடாது.

கேள்வி (கல்லூரி மாணவர், தூத்துக்குடி): மீன் பெயர் விளக்கப்பலகை ஒன்றில் வஞ்சிரம் என்று போட்டிருந்த மீனை என் ஆச்சி சீலா என்கிறார். யார் சொல்வது சரி?

ஆச்சி சொல்வதும் சரி, பலகை சொல்வதும் சரி. ஸ்காம்பெரோமோரஸ் காமெர்சன் என்ற ஒரே மீன் சென்னையில் வஞ்சிரம், தூத்துக்குடியில் சீலா, குமரிப் பக்கம் நெய்மீன். பலகை எழுதியவர் தன் ஊர்ப் பெயரை மட்டும் எழுதியிருக்கிறார்.

மறுப்பு (வாசகர், சென்னை): தவறு. சீலா என்பது வேறு மீன். காசிமேட்டில் சீலா கேட்டால் நீளமாய்ப் பல் நீட்டிய மீனைத்தான் தருவார்கள்.

மறுப்பு (வாசகர், நாகர்கோவில்): நெய்மீன்தான் பழைய பெயர். மற்றவை வியாபாரிகள் வைத்தவை.

காசிமேட்டு வாசகர் சொல்வது உண்மை, ஆனால் தவறு என்ற சொல்லைத்தான் ஏற்க மாட்டேன். சென்னையில் சீலா என்பது ஸ்பைரீனா இனம். அதைத் தெற்கே ஊளி என்பார்கள். ஒரே சொல் இரண்டு ஊர்களில் இரண்டு மீன்களைக் குறிக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பெயர் மூத்தது என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கையில் இருப்பது எந்த மீன் என்று அறியும் வழியை மட்டும் சொல்கிறேன். வால் பக்கம் பாருங்கள். முதுகிலும் வயிற்றடியிலும் வாலை நோக்கிச் சின்னஞ்சிறு துடுப்புகள் வரிசையாக இருந்தால் அது வஞ்சிரம். முதுகில் இரண்டு துடுப்புகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நின்று, கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி நீண்டு, கையில் செதில் தட்டுப்பட்டால் அது ஊளி. வஞ்சிரத்தின் உடல் ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் உண்டு. கடல் கல்விக்கென்று அச்சாகும் பலகைகளும் கையேடுகளும் ஒரே ஊர்ப் பெயரைப் போட்டுவிட்டு மற்ற ஊர்ப் பிள்ளைகளின் வீட்டுச் சொல்லைப் பிழையாக்கிவிடுகின்றன. பிள்ளை வீட்டுக்குப் போய் ஆச்சியைத் திருத்துகிறது. மத்தியைச் சாளை என்றும் கவலை என்றும் அழைக்கும் ஊர்கள் இருக்கும்போது எதைத் திருத்துவீர்கள்?

மறுப்பு (நாகர்கோவில் வாசகர் மீண்டும்): அப்படியானால் பொதுப் பெயரே வேண்டாமா?

வேண்டும், அதற்குத்தான் அறிவியல் பெயர். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினாலே போதும்.

கேள்வி (தாய், புதுச்சேரி): என் மகனுக்குச் சிப்பி சேகரிப்பதில் ஆசை. ஊக்கப்படுத்தலாமா?

பார்க்கவும் படம் வரையவும் ஊக்கப்படுத்துங்கள். காலிச் சங்கு என்று நாம் எடுப்பது துறவி நண்டுக்கு வருங்கால வீடு. பவளம், கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் ஒதுங்கிக் காய்ந்த பவளத் துண்டானாலும் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

கேள்வி: மீன்வளப் படிப்புக்கு எவ்வளவு மதிப்பெண் வேண்டும்?

நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைப் பாருங்கள். சேர்க்கை என் துறையன்று.

கேள்வி: ஆமையை எங்கே பார்க்கலாம்? டார்ச் கொண்டு வர வேண்டுமா?

மேலே படியுங்கள். டார்ச் வேண்டாம், வேண்டாம், வேண்டாம்.

கேள்வி (ஆய்வு மாணவி, திருச்சி): தடைக்காலத்தில் கடற்கரைக்குப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காதா?

நல்ல கேள்வி. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, நாட்டுப்படகுகள் போகும். நீங்கள் மக்களிடம் பேச விரும்பினால் இதுதான் காலம். மற்ற நாட்களில் கடலில் இருக்கும் தொழிலாளர்கள் அப்போது வலை கட்டிக்கொண்டும் படகுக்கு வண்ணம் பூசிக்கொண்டும் கரையில் இருப்பார்கள். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேளுங்கள். எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்ற அறிவு அந்தப் பெயர்களோடு சேர்ந்தே வரும். நிவாரணத் தொகை வந்ததா என்பதை முதல் கேள்வியாகக் கேட்காதீர்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி (கன்னியாகுமரி): அலை நிலவரம் அறியப் பொதுமக்களுக்கு ஏதாவது வழி உண்டா?

உண்டு. ஐதராபாதிலுள்ள இந்தியக் கடல் தகவல் சேவை மையம் அலை முன்னறிவிப்பும் கள்ளக்கடல் எச்சரிக்கையும் நாள்தோறும் பொதுவில் வெளியிடுகிறது. கள்ளக்கடல் உள்ளூர்க் காற்றால் எழுவதன்று. தொலைவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த புயலின் அலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கரையேறும். 2024 மே மாதம் உங்கள் மாவட்டத்தில் மருத்துவ மாணவர்கள் ஐவர் இறந்த நாளில் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. எந்தக் கடற்கரை நிகழ்வு நடத்தினாலும் முந்தின இரவும் அன்று காலையும் அதைப் பாருங்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டியில் தங்கமீன் சாகிறது, ஏன்?

நன்னீர் அலங்கார மீன் வளர்ப்போரிடம் கேளுங்கள்.

கேள்வி (இளைஞர் மன்றம், இராமநாதபுரம்): நவம்பர் 21 உலக மீன்வள நாளுக்குக் கண்காட்சி வைக்கிறோம். வஞ்சிரத்தின் படத்துக்குக் கீழே எந்தப் பெயரைப் போடுவது? அச்சகத்தில் இன்று கேட்கிறார்கள்.

உங்கள் ஊர் மீனவப் பெண்கள் சொல்லும் பெயரை முதலில் பெரிய எழுத்தில் போடுங்கள். அதன் கீழே மற்ற ஊர்ப் பெயர்கள், கடைசியில் அறிவியல் பெயர். பிறகு இரண்டு விரல் இடம் வெறுமையாக விட்டு, பார்க்க வருகிறவர்கள் தங்கள் ஊர்ப் பெயரை எழுத ஒரு பேனாவை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள்.