கப்பல் வடிவ செவ்ர் ஜாடி: செய்தவர் யார், மூடியில் ஓட்டைகள் எதற்கு?

இந்த ஜாடியை வடிவமைத்தவர் ஜான் க்ளோத் துப்ளெசி. இத்தாலியின் தூரின் நகரத்திலிருந்து பிரான்ஸுக்கு வந்த பொற்கொல்லர். 1750களின் பிற்பகுதியில் அங்குள்ள செவ்ர் பீங்கான் ஆலைக்காக இதை உருவாக்கினார். ஆனால் ஒரே ஆளின் கைவேலை என்று நினைக்க வேண்டாம். உருவம் வார்த்தவர், வண்ணம் தீட்டியவர், பொன் பூசியவர் எல்லாரும் வேறு வேறு ஆட்கள்.

சரி, ஓட்டைகள் எதற்கு? ஜாடிக்குள் காய்ந்த பூவிதழ்களும் வாசனைப் பொருட்களும் போட்டு வைப்பார்கள். மணம் அந்த ஓட்டைகள் வழியாக அறைக்குள் பரவும்.

மூடியில் நிற்கும் பாய்மரத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிரெஞ்சு அரசின் லில்லிப் பூச் சின்னம் பொறித்த கொடி ஒன்று அதைச் சுற்றித் துவண்டு கிடக்கும், நிஜத் துணி மாதிரியே! இவ்வளவு நுணுக்கமான மூடியைச் சூளையில் கோணாமல் சுட்டெடுத்ததுதான் என்னை மலைக்க வைக்கிறது. பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூர் வைத்திருந்த இவ்வகை ஜாடி ஒன்று இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.