குட்டியா, வளர்ந்த நாயா? காப்பகத்துக்குக் கிளம்பும் முன்

கேள்வி: வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு எட்டு வயது. வீட்டில் ஏற்கெனவே மூன்று வயதுப் பூனை ஒன்று உண்டு. காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்க ஆசை. இரண்டு மாதக் குட்டி ஒன்றும், தெருவிலிருந்து மீட்கப்பட்ட இரண்டு வயது நாட்டு நாய் ஒன்றும் பிடித்திருக்கின்றன. குட்டியை எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும் என்கிறார் என் மாமியார். ரேபிஸ் பயமும் இருக்கிறது. எதிர்வீட்டார் இப்போதே முணுமுணுக்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அந்த இரண்டு வயது நாய் உங்கள் பூனையைச் சகித்துக்கொள்ளும் என்றால் அதையே எடுங்கள். இல்லையென்றால் அதே வயதில் வேறொன்றைத் தேடுங்கள். குட்டி வேண்டாம்.

குட்டியின் மேல் எனக்குக் கோபம் ஒன்றுமில்லை. உங்கள் வீட்டின் நேரம்தான் அதற்கு ஒத்துவராது. இரண்டு மாதக் குட்டியால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அதன் தடுப்பூசி வரிசை முடிய ஏறக்குறைய நான்கு மாத வயதாகிவிடும். அதுவரை பல நாய்கள் நடமாடும் தெருவில் இறக்கிவிடக் கூடாது. குட்டிகளுக்குக் கொடிய வயிற்றுப்போக்கை வரவழைக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இன்னொரு பக்கம், மனிதர்களையும் சத்தங்களையும் பார்த்துப் பழக வேண்டிய வயதும் இதுதான். அந்த வயதில் பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனியே கிடக்கும் குட்டி, பின்னாளில் அழைப்பு மணி அடித்தாலே கட்டிலுக்கடியில் ஓடும் நாயாகும், அல்லது கடிக்கும் நாயாகும். பகலில் வீட்டில் ஆள் இருக்கிற குடும்பத்துக்கே குட்டி சரி.

வளர்ந்த நாய் ஒட்டாது என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வேளாவேளைக்குச் சோறு வைத்து, தினமும் ஒரே நேரத்தில் வெளியே அழைத்துப் போகிறவரிடம் எந்த வயது நாயும் ஒட்டிக்கொள்ளும். தவிர, குட்டியிடம் இப்போது முகத்தைத்தான் பார்க்க முடியும். வளர்ந்த நாயிடம் குணத்தையே பார்த்துவிடலாம். எட்டு வயதுக் குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்கு அது சாதாரண வசதி இல்லை.

அந்தக் குணத்தைக் கூண்டுக்கு வெளியே நின்று பார்க்காதீர்கள். கூண்டுக்குள் இருக்கும்வரை எல்லா நாயும் ஒன்று குரைக்கும், அல்லது மூலையில் சுருண்டிருக்கும். அதைக் கயிற்றில் கட்டி வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். நேருக்கு நேர் நிற்காமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் உட்காருங்கள். அதுவாக வந்து முகரட்டும். சற்றுத் தள்ளி யாரையாவது ஓர் எவர்சில்வர் தட்டைக் கீழே போடச் சொல்லுங்கள். நாய் துள்ளி விலகும், அது இயல்பு. அரை நிமிடத்தில் திரும்பி வந்து அந்தத் தட்டையே முகர்ந்தால் நல்ல நாய். பத்து நிமிடமாகியும் வாலை வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நடுங்கினால் அது கெட்ட நாய் என்று அர்த்தமில்லை. ஆனால் பேருந்து ஹாரனும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் ஓயாத அடுக்குமாடியில் அது துன்பப்படும்.

பூனை விஷயத்துக்கும் வழி இருக்கிறது. காப்பகத்தில் பூனைகள் இருக்கும் பகுதியைக் கடந்து அந்த நாயை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். பூனையைப் பார்த்துவிட்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பினால் பழக்கிவிடலாம். உடம்பு விறைத்து, வாய் மூடி, கண் இமைக்காமல் நின்றுவிட்டால், எவ்வளவு பிடித்திருந்தாலும் அந்த நாய் உங்கள் வீட்டுக்கு இல்லை.

பிறகு அதற்குத் தினமும் சோறு வைக்கிறவர் யாரென்று விசாரியுங்கள். அலுவலக அறையில் இருப்பவரைவிட அவருக்கு அதிகம் தெரியும். ‘நல்ல நாயா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘எதற்காக இதைத் திட்டுவீர்கள்?’ என்று கேளுங்கள். ‘தட்டுக்குப் பக்கத்தில் கை போனால் உறுமும்’ என்றோ, ‘செருப்பைக் கடிக்கும்’ என்றோ உண்மை வரும். வீடு பார்க்கப் போனால் தண்ணீர் வருமா என்று கேட்பதில்லையா, அப்படித்தான். செருப்பைச் சமாளிக்கலாம். தட்டருகே உறுமும் நாய் குழந்தை உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

பதிலுக்கு அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள். வீட்டைப் பார்க்க வருவார்கள், அடையாள அட்டை கேட்பார்கள், ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதற்காக முகம் சுளிக்காதீர்கள். எதுவும் கேட்காமல் நாயைத் தூக்கிக் கொடுக்கிற இடத்தைத்தான் நான் சந்தேகப்படுவேன். சென்னையில் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ், அடையாறு பக்கம் உள்ள பெசன்ட் நினைவு விலங்குகள் மருந்தகம் ஆகியவற்றோடு தனித்தனித் தன்னார்வலர்களும் தத்துக் கொடுக்கிறார்கள். யாரிடம் எடுத்தாலும் ஒத்துவராவிட்டால் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். தெருவில் விட்டுவிடுவது சட்டப்படி குற்றம். ஆனால் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு இன்னும் அதிகபட்ச அபராதம் ஐம்பது ரூபாய்! அதனால்தான் ஹஸ்கிகளும் லாப்ரடார்களும் கழுத்துப்பட்டையோடு சாலையோரத்தில் நிற்கின்றன.

ரேபிஸ் பயத்துக்கு வருகிறேன். நாயின் தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள்; ரேபிஸ் ஊசி போட்ட தேதி, மருத்துவரின் கையெழுத்து, மருந்துக் குப்பியின் ஒட்டுச்சீட்டு மூன்றும் இருக்க வேண்டும். அட்டை இல்லையென்றால் ஊசி போடவில்லை என்றே வைத்துக்கொண்டு புதிதாகப் போட்டுவிடுங்கள். பூனையின் ஊசியையும் புதுப்பியுங்கள். பூனையும் ரேபிஸைப் பரப்பும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். ஊசி போட்ட நாயாகவே இருந்தாலும் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், ரத்தம் வராவிட்டாலும், அந்த இடத்தைக் குழாய் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். ‘பட்டாலும் பயப்படாமல் சொல்’ என்று மகளிடம் முதல் நாளே சொல்லிவையுங்கள். திட்டு விழும் என்று குழந்தைகள் மறைத்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

உண்மையில், மீட்கப்பட்ட நாய்களிடம் நான் அதிகம் பார்ப்பது உண்ணிக் காய்ச்சலைத்தான். வெளியே ஒன்றும் தெரியாமல் மாதக்கணக்கில் உள்ளே இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவரும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்து தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஈறு வெளுத்திருப்பது, சோர்வு, மூக்கில் ரத்தம் ஆகியவை எச்சரிக்கை. உண்ணிக்கு மருந்து கேட்கும்போது வீட்டில் பூனை இருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். நாயின் முதுகில் விடும் சில துளி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து, உடம்பை உரசிப் படுக்கும் பூனைக்கு வலிப்பை வரவழைத்துக் கொன்றுவிடும். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரையும் பூனையின் உயிரைப் பறித்துவிடும். தரை துடைக்கும் பினாயிலையும் நிறுத்திவிடுங்கள். பாதத்தை நக்கும் பூனையின் வயிற்றுக்குள் அது போகும்.

எதிர்வீட்டார் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். வளர்ப்புப் பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது, லிஃப்ட்டில் ஏற்றக் கூடாது என்றும் சொல்ல முடியாது என இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. வீட்டு உரிமையாளர் கதை வேறு. வாடகை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. மாநகராட்சி உரிமமும் எடுங்கள். ரேபிஸ் ஊசிச் சான்று அதற்கு அவசியம். 2025 முதல், தோலுக்கடியில் பதிக்கும் அடையாள மைக்ரோசிப்பும் கேட்கிறார்கள். எச்சத்தை அள்ள ஒரு பையோடு நீங்கள் கீழே இறங்குவதை நாலு நாள் பார்த்தால் முணுமுணுப்பு பாதி அடங்கும்.

வெள்ளிக்கிழமை மாலை அழைத்து வாருங்கள், தீபாவளியை ஒட்டி மட்டும் வேண்டாம். வந்த அன்றே குளிப்பாட்டாதீர்கள், உறவினரைக் கூப்பிடாதீர்கள். முதல் சில வாரங்கள் லிஃப்ட் கதவு திறக்கும் முன்பே கயிறு கையில் சுற்றியிருக்க வேண்டும். தத்தெடுத்த நாய்கள் தப்பி ஓடுவது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். பால்கனிக்குப் புறா வலை கட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் முதலில் அதைக் கட்டுங்கள். நாயிடமிருந்து தப்பிக்கும் பூனை கைப்பிடிச் சுவரில்தான் ஏறும்.

பூனைக்கு ஓர் அறையை ஒதுக்கி, அது மலம் கழிக்கும் மண்தட்டையும் தண்ணீரையும் அங்கேயே வையுங்கள். நாய் படுத்த துணியைப் பூனையின் அறையிலும், பூனை படுத்த துணியை நாயின் பக்கத்திலும் மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டும் அந்த வாசனையைச் சட்டை செய்யாத பிறகு, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு கதவைத் திறங்கள். பீரோவின் மேல் பூனைக்கு ஏறி உட்கார இடம் இருக்கட்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இந்த நாட்களில் எல்லோர் கண்ணும் நாய்மேல்தான் இருக்கும். நீங்கள் பூனையின் தட்டைப் பாருங்கள். ஒரு முழு நாள் சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதுவும் குண்டுப் பூனைக்கு, இரண்டு மூன்று நாளிலேயே கல்லீரல் கெட ஆரம்பித்துவிடும்.