ரூம் வேலை, வீட்டு வேலை: சுங்கை சிப்புட் அக்காவின் பதில்கள்

பால்மரம் வெட்டிய அம்மாவின் மகள் நான். மலேசியாவில் சுங்கை சிப்புட் தோட்டத்து லயத்தில் வளர்ந்து, ஈப்போ ஓட்டல்களில் 22 வருஷம் ரூம் வேலை செய்தேன். அதில் கடைசி ஏழு வருஷம் சூப்பர்வைசர். நம் ஊர்ப் பிள்ளைகளும் அக்காமார்களும் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, எஸ்பிஎம் (பள்ளி இறுதிப் பரீட்சை) முடித்து ஓட்டலில் சேர்ந்து மூணு வாரம் ஆச்சு. ஒரு நாளைக்கு 14 ரூம். மத்தவங்க நாலு மணிக்கே முடிச்சிடுறாங்க, நான் மட்டும் ஆறு மணி வரைக்கும் நிக்கிறேன். எங்க தப்பு பண்றேன்?

தங்கச்சி, உன் கை மெதுவாக இல்லை, வரிசைதான் மாறியிருக்கும். உள்ளே போனதும் திரையை விலக்கு. விருந்தாளி ஏதாவது விட்டுப் போயிருக்கிறாரா என்று பார். பிறகு நேராக டாய்லெட்டுக்குப் போய் மருந்தை ஊற்றிவிட்டு வந்துவிடு. நீ கட்டில் போடும் நேரத்தில் அது ஊறிக்கொண்டிருக்கும். தேய்க்கும் வேலை பாதியாகக் குறையும்.

பெட்ஷீட்டுகளை மொத்தமாகச் சுருட்டி எடுக்காதே. ஒவ்வொன்றாக உதறி எடு. கம்மல், மோதிரம், ஒருமுறை பல்செட்டுகூட எனக்குக் கிடைத்திருக்கிறது. மெத்தை ஓரத் தையலையும் ஒரு பார்வை பார். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சியாக இருக்கலாம், உடனே சொல்லிவிடு.

குளியலறையில் தண்ணீர் படுவதற்கு முன்பே தரையில் கிடக்கும் முடியைக் காய்ந்த துணியால் வழித்து எடுத்துவிடு. நனைந்தால் டைலோடு ஒட்டிக்கொள்ளும், பத்து நிமிஷம் போய்விடும். புதுப் பிள்ளைகள் நேரத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். கட்டில் போட்டபின் பஞ்சு பறந்து படியும், அதனால் தூசி தட்டுவது அதற்குப் பிறகுதான். வேக்கம் கடைசியில், உள் மூலையிலிருந்து வாசலை நோக்கி.

இன்னொன்று. வேலை முடிந்ததாகக் கார்டு அடித்துவிட்டு மறுபடி மேலே போய் மீதி ரூமை முடி என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. 2023 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வேலை. மிஞ்சினால் ஒன்றரை மடங்கு ஓவர்டைம். எத்தனை ரூம், எத்தனை மணிக்கு இறங்கினாய் என்று தினமும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வை.

அடிப்படைச் சம்பளம் 1,400 வெள்ளி (ரிங்கிட்). சர்வீஸ் பாயிண்ட் சேர்த்தா 1,700 தாண்டுது, அதனால சரியாத்தான் இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. அப்படியா?

சரியில்லை அண்ணே. சர்வீஸ் பாயிண்ட் என்பது விருந்தாளி கட்டும் சர்வீஸ் கட்டணத்தில் உங்கள் பங்கு. அது தொழிலாளிக்குச் சேர வேண்டியது. அதை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்பக்கூடாது என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஓட்டல் தொழிலாளர் சங்கம்தான் அந்த வழக்கைக் கடைசிவரை நடத்தியது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்பது 2025 பிப்ரவரியில் வந்தது, ஆகஸ்டிலிருந்து சின்ன முதலாளிகளுக்கும் அதே கணக்கு. சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிலோ அதைத்தான் காட்ட வேண்டும்.

குளோராக்ஸோட (ப்ளீச்) டாய்லெட் மருந்தைக் கலந்தா நல்லா வெளுக்கும்னு கூட வேலை செய்றவங்க சொல்றாங்க. செய்யலாமா?

வேண்டவே வேண்டாம். நான் சேர்ந்த முதல் வருஷம் இதையே செய்தேன். கதவும் சாத்தியிருந்தது. தொண்டையில் நெருப்பு வைத்த மாதிரி ஆகி, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ஓட்டலில் அதுவரை எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. டாய்லெட் மருந்தில் பெரும்பாலும் அமிலம் இருக்கும். குளோராக்ஸ் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது நுரையீரலைப் புண்ணாக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் போட்டு, நன்றாகக் கழுவி விடு. கதவைத் திறந்து வைத்துக்கொள். கையுறை தரவில்லையென்றால் கேட்டு வாங்கு.

தவுக்கே (முதலாளி) வீட்டில் மார்பிள் தரையில் வினிகர் போட்டுத் துடைத்தேன், பளபளப்பு போய்விட்டது.

புளிப்பு எதுவும் மார்பிளை அரிக்கும், எலுமிச்சையும்தான். துடைத்தால் திரும்பாது, பாலிஷ் போடுபவரைத்தான் கூப்பிட வேண்டும். உடனே சொல்லிவிடு, மறைக்காதே.

அக்கா, நான் ஒரே வீட்டில் நாலு வருஷமா வேலை செய்றேன். எழுத்துல ஒண்ணும் இல்ல. போன மாசம் வளையல் காணோம்னு என்னைச் சந்தேகப்பட்டாங்க, அப்புறம் அவங்க அலமாரியிலேயே கிடைச்சுது. மன்னிப்புக்கூடக் கேக்கல. என்ன செய்றது?

படித்ததும் மனசு வலித்தது அம்மா. சந்தேகம் தீர்ந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லாதது பெரிய அநியாயம்.

உள்ளதைச் சொல்கிறேன். வீட்டு வேலைக்குச் சட்டத்தின் கை கொஞ்சம் குட்டை. குறைந்தபட்சச் சம்பளம், 45 மணி நேரம், வார ஓய்வு இவையெல்லாம் ஓட்டல் தொழிலாளருக்கு இருப்பதுபோல் உங்களுக்கு இல்லை. அதனால்தான் எழுத்து வேண்டும் என்கிறேன். ஒரே ஒரு தாள் போதும். என்னென்ன வேலை, எத்தனை மணி, எந்த நாள் லீவு, சம்பளம் எந்தத் தேதி, நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும். எதுவும் எழுதாவிட்டால் 14 நாள் நோட்டீஸ் என்பதுதான் சட்டம். நகை இருக்கும் அறையை அவர்கள் வீட்டில் இருக்கும்போதுதான் சுத்தம் செய்வேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பெர்கேசோவையும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) கேளுங்கள். 2021 ஜூன் முதல் வீட்டு வேலைக்காரரையும் முதலாளி பதிவு செய்தே ஆக வேண்டும். படிக்கட்டில் வழுக்கி விழுந்தால் கைகொடுப்பது அதுதான்.

எனக்கு 46 வயசு, ஆறாம் வகுப்புதான். 15 வருஷ ரூம் வேலைக்கு ஏதாவது சான்றிதழ் கிடைக்குமா?

கிடைக்கும் அக்கா. மலேசியத் திறன் சான்றிதழை, எஸ்கேஎம் என்பார்கள், வகுப்புக்குப் போகாமல் அனுபவத்தை வைத்தே எடுக்க வழி இருக்கிறது. அதற்கு பிபிடி என்று பெயர். நீங்கள் செய்த வேலைக்கு ஆதாரம் சேர்த்துக் கோப்பாகக் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்து மதிப்பிடுவார்கள். பழைய ரோஸ்டர், சூப்பர்வைசர் கடிதம், கட்டில் போடும்போது எடுத்த படம் எல்லாம் உதவும். மலாயில் எழுதத் தயக்கமாக இருந்தால் படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். நான் என் மகளை வைத்துத்தான் எழுதினேன், மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.