பதில்: நல்ல பேட்டரைக் கண்டாலே மகனுக்குப் பந்து தவறுகிறது

வணக்கம். அலட்டாமல் வந்து நிற்கும் பேட்டரைப் பார்த்ததும் பேஸ்பாலில் பந்து வீசும் உங்கள் மகனின் பந்து ஸ்ட்ரைக் பகுதிக்குள் (பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள்) போவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். அடி வாங்கிவிடுவோமோ என்று பயந்து ஓரத்துக்குக் குறி வைக்கிறான். மூன்று ‘பால்’ ஆனதும் (அந்தப் பகுதிக்கு வெளியே போய், பேட்டர் அடிக்காமல் விட்ட பந்துகள்; நான்கானால் அவருக்கு முதல் பேஸ் இலவசம்) வேறு வழியில்லாமல் நடுவில் மெதுவாகப் போடுகிறான். பேட்டர் காத்திருப்பது அதற்குத்தானே!

அமெரிக்க பேஸ்பால் பந்துவீச்சாளர் ராய் ஹாலடே கதையை அவனுக்குச் சொல்லுங்கள். 2000இல் ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 10.64, படுமோசம். 2001இல் கீழ்மட்ட லீக்குக்கே இறக்கினார்கள். அங்கே வீசும் கோணத்தை மாற்றினார், மனப்பயிற்சியும் செய்தார். 2003இல் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருது!

சரி, இப்போதைக்கு ஒன்று: தடுமாறினால் பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கி, நீளமாக மூச்சுவிட்டு, பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையை மட்டும் பார்க்கட்டும். பேட்டர் முகமே வேண்டாம். சிறந்த பேட்டர்கூடப் பத்துக்கு ஏழு முறை தோற்கிறார், அதையும் சொல்லுங்கள்.